ரூட்மாஸ்டரில் ஒரு நாள் உலா: மணிக்கு 20 மைல் கணக்கு

லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை சுமார் 53 மைல். காரில் போகிறவர்கள் ஒன்றரை, இரண்டு மணி நேரம் என்பார்கள். அதே தூரத்துக்கு லண்டனின் பழைய சிவப்பு மாடிபஸ்ஸான ரூட்மாஸ்டர் ஒன்றை அமர்த்தி 50 பேரை ஏற்றினால், காலை 8 மணிக்குக் கிளம்பி 12 மணிக்குச் சேர்வதாக எழுதிக்கொள்ளுங்கள். பழைய பஸ்ஸில் கூட்டமாகப் போன நாள் கெட்டுப்போனால் பழி பஸ்மேல் விழும். விசாரித்துப் பார்த்தால், புதுக் கோச்சுக்கு, அதாவது நெடுந்தூரச் சொகுசு பஸ்ஸுக்கு, போடும் நேரக் கணக்கைப் பழைய பஸ்ஸுக்குப் போட்டிருப்பார்கள். முதலில் பஸ், அப்புறம் வழி, அதற்கும் அப்புறம்தான் நேரம். இந்த வரிசையில் யோசித்தால் பாதி வேலை முடிந்தது.

20 மைல் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். ரூட்மாஸ்டர் நகரத்துக்குள் நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதற்காகவே செய்யப்பட்ட வண்டி. பின் அச்சின் பல்சக்கர விகிதத்தைப் பொறுத்து, சமதளத்தில் மணிக்கு 40 முதல் 45 மைலுக்குமேல் போகாது. ஆள் நிறைந்த வண்டி நீண்ட மேட்டில் 20க்கும் கீழே இறங்கிவிடும். ஊருக்குள் சிக்னல், வெளியே ரவுண்டானா, பின்னால் சேர்ந்துவிட்ட கார் வரிசைக்கு ஒதுங்கி வழிவிடுவது எல்லாம் சேர்ந்தால் சராசரி 20தான். அப்படிப் பார்த்தால் பிரைட்டனுக்கு ஓட்டம் மட்டும் 2 மணி 40 நிமிடம். நடுவில் ஒரு நிறுத்தம் 40 நிமிடம். ஏறி உட்காரப் பத்து நிமிடம். மீதி அரை மணி நேரம் கைவசம் இருக்கட்டும், கட்டாயம் செலவாகும். மோட்டார்வேயில் போனால் சீக்கிரம் சேரலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லாரிகள் 56 மைலில் வருகிற பாதையில் 40ல் போகும் வண்டி எல்லோருக்கும் தொந்தரவு. மாடியில் உட்கார்ந்து ஊரைப் பார்க்கத்தானே இந்த வண்டி? மோட்டார்வேயில் பார்க்க என்ன இருக்கிறது?

எந்த பஸ்?

ரூட்மாஸ்டரின் முதல் மாதிரி 1954ல் தயாரானது. உற்பத்தி 1958ல் தொடங்கி 1968ல் நின்றது. மொத்தம் 2,876 வண்டிகள். லண்டனின் வழக்கமான சேவையிலிருந்து கடைசியாக விலகியது 2005 டிசம்பரில், 159ஆம் தடத்தில். இத்தனை வருஷம் ஓடியதால் உதிரிபாகமும் கைப்பழக்கமுள்ள மெக்கானிக்கும் இன்றைக்கும் கிடைக்கிறார்கள். அதனால் முதன்முறை ஏற்பாடு செய்பவர்களுக்கு இதுவே நல்ல தேர்வு.

அதிலும் வகை உண்டு. சாதாரண ஆர்.எம். வண்டியின் நீளம் 27 அடி 6 அங்குலம், இருக்கை 64: மேலே 36, கீழே 28. நீட்டிய ஆர்.எம்.எல். 30 அடி, 72 இருக்கை. லண்டனைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஓடிய க்ரீன் லைன் சேவைக்காகச் செய்த ஆர்.எம்.சி. 57 இருக்கைதான், ஆனால் பின்வாசலுக்குக் கதவு உண்டு. மார்ச், அக்டோபர் மாதிரி குளிர்காற்று அடிக்கும் மாதங்களில், குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் குழுவுக்கு அந்தக் கதவு பெரிய விஷயம். திறந்த பின்மேடையின் அழகு வேண்டும் என்கிறவர்கள் ஜூன், ஜூலையில் போகலாம்.

அதற்கு முந்தைய தலைமுறை ஆர்.டி. 1939ல் தொடங்கி 1954 வரை கட்டப்பட்டது, 56 இருக்கை. இந்த வகை வண்டிகளை லண்டன் கழித்துக் கட்டியபோது நூற்றுக்கணக்கில் இலங்கைக்குப் போயின. இ.போ.ச.வின் (இலங்கைப் போக்குவரத்துச் சபை) சிவப்பு டபுள் டெக்கரில் கொழும்பில் போய்வந்த பெரியவர்கள் குழுவில் இருந்தால், ஆர்.டி. கிடைக்குமா என்று கட்டாயம் விசாரியுங்கள். உள்ளே ஏறியதும் அவர்கள் முகத்தைப் பார்த்தாலே போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஆர்.டி.க்குப் பவர் ஸ்டீயரிங் கிடையாது, கியரும் முன்தேர்வு முறை, அதாவது அடுத்த கியரை முன்பே தேர்ந்து வைத்து, மிதியை அழுத்தும்போது மாற்றுவது. அதை ஓட்டத் தெரிந்தவர் இல்லாமல் வண்டி மட்டும் கிடைத்துப் பயனில்லை.

64 இருக்கை என்றால் 64 பேரைச் சேர்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் கணக்கு 54 முதல் 56. காரணம் இரண்டு. ஒன்று, இந்த பஸ்களில் சாமான் அறை கிடையாது. மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னப் பொந்து இருக்கும். மடக்கிய தள்ளுவண்டி இரண்டு வைத்தாலே நிறைந்துவிடும். சாப்பாட்டுக் கூடை, கோட்டு, பை எல்லாம் இருக்கையில்தான் உட்காரும். இரண்டு, கீழ்த்தளத்தில் பின்சக்கரத்துக்கு மேலே பக்கவாட்டில் எதிரும் புதிருமாக அமரும் நீண்ட இருக்கைகள் இருக்கும். பத்து நிமிடப் பயணத்துக்குச் சரி, இரண்டு மணி நேரம் பக்கவாட்டில் ஆடிக்கொண்டு போனால் குமட்டும். அங்கே ஆளை உட்காரவைக்காமல் சாமானை வைப்பது மேல்.

இருக்கை பெல்ட் கிடையாது. சக்கர நாற்காலியை ஏற்ற வழி கிடையாது. கழிவறை கிடையாது. பள்ளிக் குழு என்றால் பெல்ட் வேண்டும் என்று பள்ளியே நிபந்தனை போட்டிருக்கலாம், அதை முன்பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். நடக்கச் சிரமப்படுகிறவர்கள் இருந்தால் பின்னால் ஒரு கார் வரட்டும். அந்தக் கார் வேறு பல வகையிலும் கைகொடுக்கும், பின்னால் சொல்கிறோம்.

காசு வாங்கினால் வாடகை

பராமரித்து வைத்திருக்கும் பழைய பஸ்கள் இரண்டு வகைக் கைகளில் இருக்கின்றன. ஒன்று, உரிமம் பெற்று வாடகைக்கு விடும் நிறுவனங்கள். மற்றொன்று, ஆசைக்காக வைத்திருக்கும் தனிநபர்களும் சங்கங்களும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வம்பு வருகிறது.

பிரிட்டனில் பயணிகளிடம் காசு வாங்கி ஏற்றினால் அந்த வண்டிக்குப் பொதுச்சேவை வாகன இயக்குநர் உரிமம் வேண்டும், வருடாந்தரச் சோதனையும் வேண்டும். 40 வயது தாண்டிய வண்டிக்குச் சோதனை தேவையில்லை என்று பலர் சொல்வார்கள். வணிகமாக ஓட்டும் பஸ்ஸுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. ‘கட்டணம் இல்லை, நன்கொடைதான்’ என்று பெயர் மாற்றினாலும் கதை மாறாது. கொடுத்தால்தான் ஏறலாம் என்றால் அது கட்டணம்தான். உரிமம் உள்ள வண்டியின் முன்கண்ணாடியில் அதற்கான வட்டச்சீட்டு ஒட்டியிருக்கும். காலையில் ஏறும்முன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் உரிமம் உள்ளவரே 30 வயது தாண்டிய பஸ்ஸை ஓட்டலாம் என்ற விதியும் உண்மைதான். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு: பயணிகள் 8 பேருக்குமேல் கூடாது, வாடகை வாங்கக் கூடாது, ஓட்டுபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஐம்பது பேர் போகும் உலாவுக்கு அது உதவாது.

நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில. வண்டி எந்தப் பணிமனையிலிருந்து வருகிறது? பணிமனையிலிருந்து நீங்கள் ஏறும் இடத்துக்கு வரும் காலி ஓட்டத்துக்கும் காசு உண்டு, அதனால் அருகில் உள்ளவரைப் பிடிப்பது லாபம். நடத்துநர் விலையில் சேர்த்தியா? நேரம் தாண்டினால் என்ன கணக்கு? நடுவழியில் நின்றுபோனால் மாற்று வண்டி அதே மாதிரி பழசா, அல்லது ஏதோ ஒரு கோச்சா? முன்சக்கர டயர்களின் வயது என்ன? கடைசிக் கேள்வியைக் கேட்டால் எதிர்முனையில் குரலே மாறும், விஷயம் தெரிந்தவர் பேசுகிறார் என்று. 2021 பிப்ரவரி முதல், பஸ்களின் முன் அச்சில் 10 வயது தாண்டிய டயர் கூடாது. வணிகமாக ஓடாத பழம் வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. வருஷத்துக்குச் சில நூறு மைல் ஓடும் வண்டியில் டயர் தேயாது, பார்க்கப் புதுசு போலவே இருக்கும், உள்ளே ரப்பர் செத்திருக்கும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

அதிகம் புகை விடும் வண்டிகளுக்கு லண்டன் போடும் புகை வரி பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1973க்கு முன் கட்டிய வண்டிகளுக்கு, வாடகைக்கு ஓடினாலும், விலக்கு இருக்கிறது. ரூட்மாஸ்டர் எல்லாமே அதற்குள் வந்துவிடும்.

ஓட்டுநரின் ஓய்வையும் அட்டவணையில் எழுதுங்கள். வாடகை ஓட்டத்தில் வழக்கமான கணக்கு, நான்கரை மணி நேர ஓட்டத்துக்குள் 45 நிமிட ஓய்வு. நீங்கள் கடற்கரையில் இருக்கும்போது அவரும் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். ‘இன்னும் ஒரு சின்ன ரவுண்டு’ என்று அந்த நேரத்தில் கேட்பது முறையல்ல.

பாலம், மரம், இறக்கம்

ரூட்மாஸ்டரின் உயரம் 14 அடி நாலரை அங்குலம், அதாவது 4.38 மீட்டர். அகலம் 8 அடி. இந்த இரண்டு எண்ணையும் வழி பார்க்கப் போகிறவர் உள்ளங்கையில் எழுதிக்கொள்ளட்டும்.

பிரிட்டனில் 16 அடி 6 அங்குலத்துக்குக் குறைந்த பாலங்களுக்குத்தான் உயரப் பலகை வைப்பார்கள். பலகை இல்லை என்றால் பொதுவாகக் கவலை இல்லை. பலகையில் 14 அடி 6 என்று போட்டிருந்தால்? கணக்குப்படி ஒன்றரை அங்குலம் இடைவெளி. அந்தப் பக்கமே போக வேண்டாம். புதிதாகத் தார் போட்டிருந்தால் சாலை உயர்ந்திருக்கும், பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கினால் பின்பக்கம் தூக்கும். 15 அடிக்குக் குறைந்த பலகை உள்ள எந்த வழியும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் தூக்கம் வரும். வளைவுப் பாலங்களில் இன்னொரு சிக்கல்: எழுதியிருக்கும் உயரம் நடுவில் மட்டும்தான். பஸ் நடுச்சாலைக்கு வந்தாக வேண்டும், எதிரே வருகிறவர் நிற்க வேண்டும். கார் ஜிபிஎஸ் இதில் எதையும் சொல்லாது. வண்டியின் உயரத்தைப் பதிந்து வழி கேட்கக்கூடிய லாரிக்காரர்களின் ஜிபிஎஸ் வேண்டும்.

எடைப் பலகையிலும் இரண்டு விதம். லாரிப் படத்தோடு 7.5 டன் என்று இருந்தால் அது சரக்கு வண்டிகளுக்கு, பஸ் போகலாம். பலவீனமான பாலம் என்று எழுதி எடை போட்டிருந்தால் அது எல்லா வண்டிக்கும் சேர்த்துத்தான். ஆர்.எம். காலியாகவே ஏழு டன்னுக்குமேல் இருக்கும், ஆள் ஏறினால் இன்னும் மூன்று, நான்கு டன் கூடும்.

மரம்தான் பாலத்தைவிட மோசம், ஏனென்றால் அதற்குப் பலகை கிடையாது. தினமும் டபுள் டெக்கர் ஓடும் சாலையில் கிளைகள் தானாகவே செதுக்கப்பட்டிருக்கும். லாரி மட்டும் போகும் சாலையிலும் ஓரளவு திறந்திருக்கும். கார் மட்டும் போகும் கிராமப் பாதை, பச்சைக் குகை மாதிரி அழகாக இருக்கும். அங்கேதான் இடதுபக்க மேல்முனை முதலில் அடிவாங்கும். அலுமினியக் கூரை நசுங்கும், மாடியின் முன்கண்ணாடி உடைந்தால் முதல் வரிசையில் இருப்பவர் மடியில் விழும். பிப்ரவரியில் கார் எடுத்துக்கொண்டு போய் வழி பார்த்துவிட்டு ஜூனில் பஸ் ஓட்டக் கூடாது. இலை கூடினால் கிளை தாழும், மழையில் நனைந்தால் இன்னும் தாழும். உலாவுக்கு ஒரு வாரத்துக்குள், முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும், பக்கத்தில் இருப்பவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வரட்டும். சுருக்குவழி ஒன்று உண்டு: அந்தச் சாலையில் இன்று மாடிபஸ் ஓடுகிறதா என்று உள்ளூர் பஸ் அட்டவணையைப் பார்ப்பது. ஓடினால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

திருப்புமிடம் பார்க்காமல் எந்த இடத்தையும் நிறுத்தமாகப் போடாதீர்கள். ஓட்டுநர் தனிக் கூண்டில் முன்னால் இருக்கிறார், பின்னால் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பின்னோக்கி எடுப்பதென்றால் நடத்துநர் இறங்கி நின்று கைகாட்ட வேண்டும். ரவுண்டானாவோ, கோச் நிறுத்துமிடமோ இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பூங்காக்களின் கார் நிறுத்துமிட வாசலில் இரண்டு மீட்டர் உயரத்தில் குறுக்குக் கம்பி போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைத் திறக்க ஆள் இருக்காது. வெள்ளிக்கிழமையே போன் செய்து கேளுங்கள்.

இறக்கத்துக்கு வருவோம். பிரைட்டன் சாலையில் ஹேண்ட்கிராஸ் மேடு என்று ஒன்று உண்டு. 1906 ஜூலை 12ஆம் தேதி, ஆர்பிங்டன், செயின்ட் மேரி க்ரே ஊர்களின் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களும் நண்பர்களும் ஒரு மோட்டார் பஸ்ஸை அமர்த்திக்கொண்டு பிரைட்டனுக்கு ஒருநாள் உலா கிளம்பினார்கள். அந்த இறக்கத்தில் கியர் பெட்டி உடைந்து வண்டி கட்டுமீறி மரத்தில் மோதியது. 10 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பஸ் எவ்வளவோ மாறிவிட்டது, ஆனால் இறக்கத்தின் இயற்பியல் மாறவில்லை. டிரம் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடாகி விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், மிதி கீழே போகும், வண்டி நிற்காது. ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குவதுதான் பழைய ஓட்டுநர்களின் விதி. அந்த கியரை மேட்டின் உச்சியிலேயே போட்டுவிட வேண்டும், பாதி இறக்கத்தில் தேடக் கூடாது. இறங்கி முடித்ததும் ரப்பர் கருகிய வாடை வந்தால், அடுத்த ஒதுங்கிடத்தில் கால் மணி நேரம் நின்று ஆறவிடுவதில் வெட்கம் இல்லை. ஏற்பாட்டாளர் செய்ய வேண்டியது, நீண்ட இறக்கம் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் தேநீர் நிறுத்தத்தைப் போடுவது.

மணி

முன்கூண்டில் இருக்கும் ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் நடுவே இருக்கும் ஒரே தொடர்பு மணிதான். ஒரு மணி: அடுத்த நிறுத்தத்தில் நில். இரண்டு: போகலாம். மூன்று: வண்டி நிறைந்துவிட்டது, நிற்காமல் போ. நான்கு: ஆபத்து. நம்மூர் நடத்துநரின் விசில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஒற்றை விசிலுக்கு நிற்பதும் டபுள் விசிலுக்குக் கிளம்புவதும் அங்கேயும் உண்டு.

குழந்தைகள் மணிக்கயிற்றை இழுத்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். அதுதான் மிகப் பெரிய அபாயம். படியில் ஒருவர் கால் வைக்கும்போது விளையாட்டாக இரண்டு மணி அடித்தால் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிடுவார், அது அவர் தவறல்ல. வண்டி நின்றிருக்கும்போது, ஓட்டுநர் கீழே நிற்கும்போது, ஆளுக்கு ஒருமுறை அடித்துப் பார்க்கட்டும். கிளம்பிய பிறகு நடத்துநர் கை மட்டும்தான் மணியில் இருக்க வேண்டும்.

நடத்துநர் என்று வேடத்துக்கு ஒருவரை நிறுத்தக் கூடாது. பின்மேடையை விட்டு நகராத ஒருவர் வேண்டும். சிக்னலில் வண்டி நிற்கும்போது, ‘இதோ இறங்கி ஒரு போட்டோ எடுத்துட்டு ஏறிக்கிறேன்’ என்று ஒருவராவது கிளம்புவார். இடதுபக்கம் சைக்கிள் வரும், அதைப் படியிலிருந்து பார்க்க முடியாது. மேடையிலும் மாடிப்படியிலும் ஓட்டத்தில் யாரும் நிற்கக் கூடாது, மாடியில் எழுந்து நிற்கவே கூடாது. மாடியிலிருந்து இறங்க வேண்டியவர் வண்டி முழுதாக நின்ற பிறகு எழுந்தால் போதும் என்பதைக் கிளம்பும் முன்பே ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள். வழக்கமான பஸ் பழக்கத்தில் எல்லோரும் நிறுத்தம் வரும்முன்பே எழுந்துவிடுகிறார்கள். வளைந்த படியில் விழுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் விழுகிறார்கள்.

புடவை கட்டியவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுவது நல்லது. பின்மேடையில் காற்று சுழன்று அடிக்கும், நடுக்கம்பத்தில் சுற்றிக்கொள்ளும். படியில் ஏறுகையில் பின்னால் வருபவர் கொசுவத்தை மிதிப்பதும் உண்டு. இரண்டு படி இடைவெளி விட்டு ஏறச் சொல்லுங்கள்.

திருமணத்துக்கு ரூட்மாஸ்டர் அமர்த்தும் வழக்கம் லண்டனில் இருக்கிறது. அதில் எளிதில் செய்துவிடக்கூடிய தவறு ஒன்று. முன்பக்க ரேடியேட்டர் வலைமேல் மாலையோ, மணமக்கள் பெயர்ப் பலகையோ கட்டிவிடுகிறார்கள். காற்று உள்ளே போகவில்லை என்றால் நகர நெரிசலில் எஞ்சின் சூடேறும். பக்கவாட்டில் கட்டுங்கள், மாடியின் முன்கண்ணாடிக்கு உள்ளே வையுங்கள். ஒட்டுநாடா எங்கேயும் கூடாது. பிரிக்கும்போது பெயிண்டும் தங்க எழுத்தும் சேர்ந்து வரும். அந்த எழுத்தைத் திரும்ப வைக்கும் செலவு மண்டப அலங்காரத்தைவிடக் கூட ஆகலாம்.

சாப்பாடு ஓட்டத்தில் வேண்டாம். இருக்கை உறை மோக்கெட் என்கிற கம்பளித் துணி. மஞ்சள் கறை பட்டால் போகாது. அந்தந்தப் பழைய வடிவத்திலேயே மறுபடி நெய்து வாங்குவது சுலபமில்லை. புளியோதரையோ தயிர்ச்சாதமோ பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போய், பூங்காவில் இறங்கிச் சாப்பிடுங்கள். தண்ணீர் மட்டும் உள்ளே இருக்கட்டும்.

கழிவறை நிறுத்தம் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வேண்டும். இரண்டே அறை உள்ள ஒரு சாலையோரக் கடையில் 55 பேர் இறங்கினால் கால் மணி நேரம் என்று எழுதுவது வீண், அரை மணி நேரத்துக்குமேல் ஆகும். செடி விற்கும் பெரிய தோட்டக்கடைகள் நல்லது: வாசல் அகலம், கழிவறை நிறைய, தேநீரும் உண்டு. முன்பே சொல்லிவிட்டுப் போனால் பஸ் நிற்க இடமும் ஒதுக்குவார்கள்.

எது கெடும், ஏன் கெடும்

காலையில் ஓட்டுநர் வண்டியைச் சுற்றிவரும்போது கூடவே நடங்கள். எண்ணெய், தண்ணீர், விசிறிப் பட்டை, விளக்குகள், டயர், சக்கர நட்டுகள். சக்கர நட்டுகளில் மஞ்சள் பிளாஸ்டிக் முள் மாட்டியிருந்தால் அவை ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க வேண்டும். ஒன்று விலகி நின்றால் நட்டு தளர்கிறது. மாடியின் பின்புற அவசர ஜன்னல் திறக்கிறதா என்று கையால் திறந்தே பாருங்கள். பெயிண்ட் அடித்தபோது ஒட்டிக்கொண்டிருக்கலாம். மணி இரண்டு தளத்திலிருந்தும் கேட்கிறதா? தீயணைப்பான் எங்கே இருக்கிறது?

வழியில் அதிகம் நடப்பது சூடேற்றம். பழைய ரப்பர்க் குழாய் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே உரிந்து தண்ணீரை அடைத்துக்கொண்டிருக்கும். மேட்டில் ஏறியதும் வெப்பமுள் எகிறினால் உடனே எஞ்சினை அணைக்காமல், நியூட்ரலில் சற்று வேகமாகச் சுழலவிட்டால் விசிறி காற்றடித்து இறங்கும். தண்ணீரே போய்விட்டது என்றால் அணைத்துத்தான் ஆக வேண்டும். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் இரும்பு விரிசல் விடும். 20 லிட்டர் தண்ணீர், 5 லிட்டர் எஞ்சின் எண்ணெய், ஒரு விசிறிப் பட்டை, நாலைந்து குழாய்க் கிளிப்புகள் வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். உதிரிச் சக்கரம் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் சாலையோரத்தில் கழற்றி மாட்டும் வேலையல்ல அது.

அடுத்தது டீசல். வண்டி தாகக்காரி: ஒரு காலனுக்கு சுமார் 8 மைல். பிரைட்டன் போய்வர 106 மைலுக்கு 60 லிட்டர், காலி ஓட்டம் தனி. இப்போது பம்பில் விற்கும் டீசலில் 7 சதவீதம் வரை தாவர எண்ணெய்ச் சரக்கு கலந்திருக்கும். அது ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பர் சீல்களையும் ஊறவைக்கும். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் நின்ற வண்டியின் தொட்டியில் பாசி மாதிரி ஒரு சளி வளர்ந்து, வசந்தத்தின் முதல் நீண்ட ஓட்டத்தில் வடிகட்டியை அடைக்கும். மேட்டில் மட்டும் இழுவை குறைந்து சமதளத்தில் சரியாக ஓடினால் சந்தேகம் வடிகட்டிமேல்தான். ஆகவே ஏப்ரலில் அந்த வருஷத்தின் முதல் உலாவாக உங்களுடையது இருக்க வேண்டாம். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருங்கள்.

ஆர்.டி. மாதிரி காற்று பிரேக் வண்டிகளில் அழுத்தம் ஏறும்வரை நகரக் கூடாது. காலையில் எஞ்சின் ஓடிக்கொண்டே சில நிமிடம் நிற்பது அதற்காகத்தான். ‘ஏன் இன்னும் கிளம்பல?’ என்று கூண்டைத் தட்ட வேண்டாம். முன்தேர்வு கியரில் கைப்பிடியால் அடுத்த கியரைத் தேர்ந்து வைத்துவிட்டு, வேண்டும்போது மிதியை ஒரே அழுத்தாக அடிவரை அழுத்தி விட வேண்டும். பாதி அழுத்தினால் உள்ளே பட்டை முழுதாகப் பிடிக்காது, மிதி சீறிக்கொண்டு மேலே வந்து காலைப் பதம் பார்க்கும். நெரிசலில் கியரிலேயே வண்டியை நிறுத்தி வைத்திருந்தால், எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் எண்ணெய்ச் சக்கரம் சூடாகிக் கசியும், அதனால் நல்ல ஓட்டுநர் ஒவ்வொரு நீண்ட சிக்னலிலும் நியூட்ரலுக்குப் போவார்.

நின்றே போய்விட்டால் சாதாரண இழுவை வண்டி வராது. உயரமும் எடையும் பார்த்துக் கனரக இழுவை வண்டி அனுப்புவார்கள், இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். பின்னால் வரும் கார் இங்கேதான் உதவும்: முதியவர்களையும் குழந்தைகளையும் முதல் நடையில் அழைத்துப்போகலாம். வழியில் எந்தெந்த ரயில் நிலையம் அருகில் இருக்கிறது என்று அட்டவணையின் ஓரத்தில் குறித்து வையுங்கள். பழுது நேரம் ஆகும் என்று தெரிந்தால் ஆட்களை வண்டிக்குள் உட்காரவைக்காமல், வேகமான சாலையாக இருந்தால் தடுப்புக்கு அப்பால், புல்மேட்டில் ஏற்றிவிடுங்கள்.

முழு வண்டி அமர்த்தும் முன் ஒருமுறை ஏறிப்பார்க்க வேண்டும் என்றால் வெய்பிரிட்ஜ் அருகே புரூக்லாண்ட்ஸில் லண்டன் பஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. இன்னும் நல்லது, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நடக்கும் இம்பர்பஸ். 2009ல் தொடங்கியது. வார்மின்ஸ்டர் ரயில் நிலையத்திலிருந்து 23ஏ என்ற தடத்தில் ரூட்மாஸ்டர்கள் வரிசையாகக் கிளம்பி, சாலிஸ்பரி சமவெளியில் ராணுவப் பயிற்சிக்காக 1943 இறுதியில் காலிசெய்யப்பட்ட இம்பர் கிராமத்துக்குப் போகும். வருஷத்தில் சில நாட்கள் மட்டுமே பொதுமக்களுக்குத் திறக்கும் ஊர் அது. ஏற்பாட்டாளராக நினைப்பவர் அங்கே போனால் நடத்துநர்கள் கூட்டத்தை எப்படி ஏற்றி இறக்குகிறார்கள் என்று பின்மேடைக்கு எதிரே உட்கார்ந்து கவனிக்கலாம்.

திரும்பும் நேரத்தை வெளிச்சத்தை வைத்து முடிவுசெய்யுங்கள். பழைய தலைவிளக்கு இன்றைய கார் விளக்குக்கு முன் மெழுகுவத்திதான். ஜூனில் இரவு 9 மணி வரை ஓட்டலாம், அக்டோபரில் 5 மணிக்கே பணிமனையை நோக்கியிருக்க வேண்டும். எல்லோரும் இறங்கிய பின் நடத்துநர் மாடிக்கு ஒருமுறை ஏறட்டும். கண்ணாடி, குடை, ஒற்றைச் செருப்பு, பின்வரிசையில் தூங்கிவிட்ட ஒரு பொடியன், இவற்றில் ஏதோ ஒன்று அங்கே இருக்கும்.